ஊட்டிக் குளிரைப் பெட்டியில் அடைத்த கதை

செல்போன் ரிப்பேர் செய்கிறவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. உலகத்தில் உள்ள எந்தச் சாமானையும் தங்கள் கை பட்டால் இன்னும் கொஞ்சம் மேம்படுத்திவிடலாம் என்று நம்புவார்கள். ஊட்டி மார்க்கெட் பக்கம் ஒரு ஆள் நின்றால் அடுத்த ஆள் வெளியே காத்திருக்க வேண்டிய அளவுக்குச் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிற எனக்கும் அந்த வியாதி முற்றிப்போய் இருந்தது. எங்கள் வீட்டு மிக்ஸி, டார்ச் லைட், அப்பாவின் காது மிஷின் எல்லாம் என்னால் மேம்படுத்தப்பட்டவை. (அப்பா அதற்கப்புறம் காது மிஷினை மாட்டுவதே இல்லை. இல்லாமலே நன்றாகக் கேட்கிறதாம்.)

ஆனால் என் மேம்பாட்டுப் பணிகளில் ஊர் தாண்டிப் புகழ் பெற்றது ஐஸ் பெட்டிதான்.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு தை மாதத்தில், என் தங்கை புவனாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். புவனா ஊட்டியிலேயே காந்தல் பகுதியில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். மாப்பிள்ளை பிரபுவுக்கு மேட்டுப்பாளையம் தாண்டிச் சிறுமுகையில் வாழைத்தோட்டம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பிடித்துவிட்டது. பிரபுவின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர், பிரபுவின் பெரியப்பா. அந்த வீட்டில் அவர் தலையாட்டாமல் வாழைக்குத் தண்ணீர்கூடப் பாய்ச்ச மாட்டார்கள்.

பெரியப்பாவுக்குப் புவனா மேல் ஒரு குறையும் இல்லை. எங்கள் மலை மேல்தான் குறை. எப்போதோ உருளைக்கிழங்கு மூட்டை எடுக்க ஊட்டிக்கு வந்தவரை ஒரு வியாபாரி அரை நாள் குளிரில் நிற்க வைத்துவிட்டாராம். அதிலிருந்து மலைக்காரர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டார்.

"மலையில இருக்கறவீங்களுக்கு நேரங்காலம் கெடையாதுங்க. வெயிலு வந்து எழுப்புனாத்தான் எந்திரிப்பாங்க," என்று பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, எங்கள் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார். பிறகு, "நிச்சயத்தன்னிக்கு நல்ல நேரத்துல மோதரம் கைமாறோணும். மாறலீன்னா எனக்கு மனசு ஒப்பாதுங்க, இப்பவே சொல்லிப்போட்டேன்," என்றார்.

மனசு ஒப்பாது என்றால் கல்யாணம் நடக்காது என்று அர்த்தம். பிரபுவின் முகம் போன போக்கிலேயே அது எங்களுக்குப் புரிந்துவிட்டது.

பிரபுவின் அப்பாவுக்கு மலைப்பாதையில் மூன்றாவது வளைவுக்கு மேல் வயிறு நிற்காது. அதனால் நிச்சயம் சிறுமுகையிலேயே ஒரு சின்ன மண்டபத்தில் என்று முடிவானது. நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்குள் மோதிரம் மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போய்விட வேண்டும். மோதிரம் அம்மாவின் பொறுப்பு. வேன் ஓட்டுவது என் பொறுப்பு. நான் அதோடு நின்றிருக்கலாம்.

பிரபு ஒரு நாள் போனில் பேசும்போது, "மச்சான், உங்கூர் ஸ்ட்ராபெரி நல்லாருக்குமாமே," என்றான். சும்மா பேச்சுக்குச் சொன்னது. நான் உடனே, "மண்டபத்துக்கே கொண்டாறேன் மாப்ள. பழமும் கிரீமும். சில்லுன்னு இருக்கும்," என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் கீழே அடிக்கிற வெயில் நினைவுக்கு வந்தது.

அங்கே ஆரம்பித்தது ஐஸ் பெட்டி ஆராய்ச்சி. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் பாலைவனத்தில் கூடாரம் அடித்து, பெட்டியைத் திறந்து, நாலு நாளுக்கு முன்னால் போட்ட ஐஸை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினார்கள். சுவர் எத்தனை கனம், மூடியில் ரப்பர் எப்படி, சக்கரம் உண்டா, கொக்கி ஸ்டீலா ரப்பரா என்று எல்லாம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. செல்போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்ட வந்தவர்களிடம்கூட நான் பெட்டிச் சுவரின் கனத்தைப் பற்றிப் பேசினேன். கடைசியில் இருப்பதிலேயே கனமான சுவர், மூடியைச் சுற்றித் தடித்த ரப்பர், முன்பக்கம் இரண்டு கொக்கி, அடியில் சக்கரம் உள்ள ஒன்றை ஆர்டர் செய்தேன். ஆரஞ்சு நிறம். மற்ற நிறமெல்லாம் தீர்ந்துவிட்டதாம்.

பார்சல் வந்து இறங்கியதும் அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னடா இது?"

"ஐஸ் பொட்டிப்பா."

"ஊட்டியில ஐஸ் பொட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் உள்ளே போய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

அம்மா மட்டும் மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். "நல்ல கெட்டியா இருக்குதுடா. சோறு வெச்சா மத்தியானம் வரைக்கும் சூடா இருக்குமாட்ட," என்றாள். மலையில் பிறந்தவர்களுக்குச் சாமானைச் சூடாக வைத்திருப்பதுதான் வாழ்நாள் கவலை. அவளுக்கு நான் விளக்கவில்லை. விளக்கியிருக்க வேண்டும்.

அடுத்த பிரச்சினை ஐஸ். தை மாதக் குளிரில் ஊட்டியில் ஐஸ் வேண்டும் என்று கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அதுவரை யாரும் கேட்டதில்லை. மீன்கடை அண்ணனிடம் கேட்டேன். அவர் குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டு, சரியாகத்தான் கேட்டதா என்று பார்த்தார். "ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?" என்று மிகவும் பரிவாக விசாரித்தார்.

அவமானத்தோடு திரும்பி வரும்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. காந்தலில் அந்த வாரம் உறைபனி. விடியற்காலையில் புல் எல்லாம் உப்புக் கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடக்கும். வாசலில் மறந்து வைத்த வாளியில் மேலே கண்ணாடி மாதிரி ஐஸ் கட்டியிருக்கும். இத்தனை குளிரை இலவசமாக வைத்துக்கொண்டு நான் எதற்கு மீன்கடையில் போய் ஐஸ் கேட்க வேண்டும்? பெட்டியை ராத்திரி திறந்து வாசலில் வைத்தால் குளிர் தானாக உள்ளே இறங்கும். விடிவதற்குள் மூடிவிட்டால் குளிர் எங்கே போகும்? வெளியே போக வழியில்லாமல் சிறுமுகை வரைக்கும் எங்களோடு வரவேண்டியதுதானே?

(இந்த இடத்தில் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இங்கேதான் முதல் சிரிப்புச் சிரிப்பார்கள்.)

குளிரை அடைப்பது என்று முடிவான பிறகு, அது கசிந்து போகக்கூடாது. செல்போன்காரன் கண்ணுக்கு முதலில் தெரிவது ஓட்டைதான். ஓட்டை இருந்தால் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் போன் போகும், கஸ்டமர் சண்டைக்கு வருவார். பெட்டியின் அடியில், ஐஸ் கரைந்த தண்ணீரை வடிக்க ஒரு சின்னத் துளையும் அதற்கு ஒரு திருகு மூடியும் இருந்தன. எனக்கு ஐஸும் இல்லை, தண்ணீரும் இல்லை, அப்புறம் துளை எதற்கு? பிளம்பர்கள் பைப்புக்குப் போடுகிற, இறுகினால் கல்லாகிவிடுகிற பசையைப் பிசைந்து மூடியோடு சேர்த்து அடைத்தேன். மூடியைச் சுற்றியிருந்த ரப்பருக்கு, பனிக்காலத்தில் உதட்டுக்குத் தடவ வாங்கி வைத்திருந்த வாஸ்லின் டப்பா முழுவதையும் தடவினேன். தயாரித்தவர்களே என்னைப் பார்த்திருந்தால் வேலைக்கு எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை. பெட்டியின் உட்சுவரில் கைவைத்தால் விரல் விறைத்தது. பழத்தையும் கிரீமையும் உள்ளே வைத்து மூடி, இரண்டு கொக்கிகளையும் மாட்டினேன். "மண்டபம் போய்ச் சேர்ற வரைக்கும் ஒருத்தரும் தொறக்கப்படாது," என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்தபோது பெட்டி வைத்தது வைத்தபடியே இருந்தது. நானே வேனில் ஏற்றினேன். கொஞ்சம் கனம் கூடியது போல இருந்தது. குளிருக்கும் எடை இருக்கும் போல என்று சந்தோஷப்பட்டேன்.

சொந்தக்காரர்கள் முந்தின நாளே கீழே போய்விட்டார்கள். வேனில் அப்பா, அம்மா, புவனா, நான் மட்டும். குன்னூர் தாண்டியதும் அப்பா, "இட்லி எங்க?" என்று கேட்டார். அம்மா பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அங்க போய்ச் சாப்ட்டுக்கலாமுங்க," என்றாள். சர்க்கரை வியாதிக்காரரைப் பட்டினி போடாதே என்று அப்பா முனகினார். அதனால் மலையிறங்கும் வழியில் பர்லியாரில் வண்டியை நிறுத்தி ஆளுக்கு ஒரு டீயும் பஜ்ஜியும் வாங்கினோம்.

பர்லியாரில் வண்டியை நிறுத்தினால் குரங்கு வரும். பின்கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. நான் பஜ்ஜியோடு திரும்பியபோது ஒரு தாட்டியான குரங்கு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கொக்கிகளையும் கழற்றிவிட்டிருந்தது. அம்மா, "ஐயோ, மோ..." என்று எதையோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். குரங்கு இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து இழுத்தது. காலால் பெட்டியை உதைத்துக்கொண்டு இழுத்தது. மூடி அசையவில்லை. கடைசியில் பெட்டியை வெறுப்பாக ஒரு தட்டு தட்டிவிட்டு, அப்பா கையிலிருந்த பஜ்ஜியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

"பாத்தீங்களாம்மா, கொரங்கே தொறக்க முடியல," என்றேன். அம்மா கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டெக்னாலஜிக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு கொக்கிகளைத் திரும்ப மாட்டினேன். பெட்டியில் ஏதோ கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தது அந்தக் குரங்குதான். அதன் பேச்சை நான் கேட்கவில்லை.

மண்டபத்துக்கு நாங்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம். வாசலில் பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் லேசான ஏமாற்றம். "நேரத்துக்கே வந்துட்டீங்களாட்ட இருக்குது," என்றார். நான் வெற்றிப் புன்னகையோடு ஆரஞ்சுப் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

தட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டன. தேங்காய், பழம், பூ, வெற்றிலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. நடுத்தட்டில் மோதிரத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். "மோதரத்த எடுத்து வைங்க," என்றார் பெரியப்பா. அம்மா மெல்ல என் பக்கம் வந்தாள்.

"கண்ணு, அந்தப் பொட்டியத் தொற."

"எதுக்கும்மா?"

"மோதரம் அதுக்குள்ளதான் இருக்குது. பர்லியாருல கொரங்கு பையப் புடுங்கிட்டுப் போயிருமேன்னு, நீ குளிக்கப் போனப்ப அதுல வெச்சேன். அதுக்குத்தான ரெண்டு கொக்கி இருக்குது."

எனக்கு முதலில் வந்தது பயமல்ல, கோபம். நான் ராத்திரியெல்லாம் பிடித்து வைத்த குளிரை இந்த அம்மா திறந்து விட்டிருக்கிறாளே என்ற கோபம். குனிந்து கொக்கிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். மூடி வரவில்லை. பெட்டிதான் கூடவே எழுந்து வந்தது. சிரித்துக்கொண்டே இன்னொரு முறை இழுத்தேன். காலால் பெட்டியை மிதித்துக்கொண்டு இழுத்தேன். பர்லியார்க் குரங்கு செய்த எல்லாவற்றையும், அதே வரிசையில், புது வேட்டி கட்டிக்கொண்டு நான் செய்தேன்.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் வெந்நீர் ஊற்றச் சொன்னார். ஒருவர் கடப்பாரை இருக்கிறது என்றார். அம்மா பதறிப்போய், "பாத்துங்க, உள்ள இட்லி இருக்குது," என்றாள்.

"இட்லியா?"

"அப்பாவுக்குத்தான்டா. சூடு ஆறாதுன்னு குண்டாவோட வெச்சேன்."

மணி பத்தைத் தாண்டியிருந்தது. புவனா மணையில் உட்கார வேண்டியவள், எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு காலித் தண்ணீர் பாட்டில். ஊட்டியில் குடித்துவிட்டு மூடி திருகி வேனில் போட்டது. இப்போது யாரோ மிதித்தது போல நசுங்கிக் கிடந்தது. மலையிலிருந்து இறங்கினால் மூடிய பாட்டில் நசுங்கும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"அண்ணா," என்றாள் மெதுவாக. "மேல காத்து லேசு. கீழ கனம். பாட்டில் நசுங்கிருச்சு. பொட்டி நசுங்க முடியாது, அதனால காத்து மூடியப் போட்டு அமுக்கீட்டு இருக்குது. அடியில தண்ணி வடிக்கற ஓட்டை இருக்குமே, அதத் தொற. காத்து உள்ள போனா மூடி வந்துரும்."

"அடைச்சுட்டேன்."

"எதுல?"

"பைப்புப் பசையில."

ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற பார்வை ஒன்று அவளிடம் இருக்கிறது. அன்றைக்குத்தான் அதை முதன்முதலாக நேரில் வாங்கினேன். பிரபு பக்கத்திலேயே இருந்த தன் தோட்டத்து மோட்டார் அறைக்கு ஓடிப் போய் ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வந்தான். நான் மண்டியிட்டுச் சுரண்ட ஆரம்பித்தேன். பசையில் நான் கஞ்சத்தனம் செய்திருக்கவில்லை. தூள் தூளாக வந்ததே தவிர, துளை வரவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயத்தை இப்போது சிரித்துக்கொண்டு எழுதினாலும், அன்றைக்கு அது பொய்யில்லை. என் தங்கை விரும்பிய ஒருவன் எதிரே நிற்கிறான். அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் ஒரு ஆரஞ்சுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துப் பூட்டியிருக்கிறேன். புவனா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

பெரியப்பாவால் பொறுக்க முடியவில்லை. "தள்ளுங்க தம்பி. மூட்டை தூக்குன கை இது," என்று சட்டைக் கையை மடித்துவிட்டு வந்தார். இரண்டு பேரைப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மூடியின் விளிம்பில் விரல்களைக் கொடுத்து, பல்லைக் கடித்து, ஒரே இழுப்பாக இழுத்தார். வாஸ்லின் தடவிய விளிம்பிலிருந்து கை வழுக்கியது. பெரியப்பா பின்னால் போய், வரிசைத் தட்டுகளுக்கு நடுவே, வாழைப்பழச் சீப்பின் மேல் உட்கார்ந்தார்.

யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், கல்யாணப் பெண். வாயைப் பொத்திக்கொண்டும் நிற்காமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். அவளைப் பார்த்துப் பிரபுவும் சிரித்துவிட்டான். எல்லாம் முடிந்தது என்று நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

பெரியப்பா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்குச் சில நிமிடம்தான் பாக்கி. முள் நகர நகர அவர் முகம் தவித்ததை நான் பார்த்தேன். நேரம் தப்பினால் எங்களைவிட அவருக்குத்தான் அதிகம் வலிக்கும் போல இருந்தது.

"ஏனுங்கம்மா," என்று என் அம்மாவைக் கேட்டார். "மோதரம் நெசமா இதுக்குள்ளதான இருக்குது?"

"ஆமாங்க, சாமி சத்தியமா."

"அப்பறமென்னங்க. பொட்டிதான் தட்டு. ஒரு பொட்டு வெச்சுப் பூவச் சுத்துங்க. நேரம் போவுது."

யாரும் நகரவில்லை. "நானே தொறக்க முடியாத பொட்டி. இதுல வெச்ச மோதரம் எங்க போயிரும்? தூக்குங்கய்யா," என்று ஒரு அதட்டல் போட்டார்.

பெட்டிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். மூடியைச் சுற்றி மல்லிகைச் சரம். மேலே வெற்றிலை பாக்கு. அப்பாவும் நானும் ஒரு பக்கம் தூக்க, பிரபுவின் அப்பாவும் பெரியப்பாவும் மறுபக்கம் வாங்கிக்கொண்டார்கள். ராகுகாலத்துக்கு முன்னால் மோதிரம், இட்லி, ஸ்ட்ராபெரி, கிரீம் எல்லாம் சேர்த்து முறைப்படி கைமாறியது. போட்டோக்காரர், "பொட்டியக் கொஞ்சம் சாய்ங்க, மூஞ்சி மறைக்குது," என்று சொல்லி எடுத்தார்.

அப்புறம் நான் நிதானமாகச் சுரண்டினேன். துளை தெரிந்ததும் பெட்டி உஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. மூடி ஒரு விரலுக்கு வந்துவிட்டது. உள்ளே, இட்லிக் குண்டாவுக்கு அடியில் ஸ்ட்ராபெரி நசுங்கிச் சட்னியாகியிருந்தது. கிரீம் திரிந்துவிட்டது. மோதிர டப்பாவின் பட்டுத்துணி ஆவியில் உரிந்து தொங்கியது. நான் பிடித்து வந்த காந்தல் குளிரில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் இட்லியிலிருந்து ஆவி பறந்தது.

பசியில் இருந்த அப்பா முதலில் கைவைத்தார். பெரியப்பாவும் ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்தார். "நல்ல சூடுங்க," என்றார். இரண்டாவதையும் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "பொட்டி மேல ஒரு கொறையும் இல்லீங்க தம்பி," என்றார். வேறு எதன் மேல் குறை என்று சொல்லவில்லை.

தட்டில் வைத்து மாற்றியது திரும்பி வராது. அதனால் ஐஸ் பெட்டி சிறுமுகையோடு போயிற்று. தோட்டத்து ஆட்களுக்குச் சூடாகச் சாப்பாடு கொண்டுபோக இன்றைக்கும் அதுதான். ஐஸ் என்ற ஒன்றை அந்தப் பெட்டி இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. பெரியப்பா தன் மகளுக்கு நிச்சயம் வைத்தபோது, "அந்த ஊட்டிப் பொட்டியிலதான் மோதரம் வெக்கோணும்," என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். திறக்காத பெட்டியில் வைத்து மாற்றிய சம்பந்தம் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது, பாருங்கள் என்றாராம். அதற்குப் பிறகு இரண்டு குடும்பத்திலும் எந்த நிச்சயமானாலும் பெட்டிக்கு மஞ்சள் பூசிப் பூ சுற்றி நடுவில் வைத்துவிடுகிறார்கள். புவனாவின் மகளுக்கு அது ஐஸ் பெட்டி என்றே தெரியாது, நிச்சயப் பெட்டி என்றுதான் சொல்லுவாள்.

எனக்கும் ஒவ்வொரு நிச்சயத்துக்கும் தவறாமல் அழைப்பு வரும். சபையில் நல்ல இடமும் தருவார்கள். பெட்டிக்குப் பக்கத்தில், மோதிரம் வெளியே வருகிற வரைக்கும், திறந்த மூடி மறுபடி மூடிக்கொள்ளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.